ஒரு முழுப் பாட்டு

அன்றைக்கு முன்னறையில் இருந்தவர்கள்: அப்பா, ஜன்னலோரக் கட்டிலில், முதுகுக்குத் தலையணை அடுக்கி. அம்மா, கட்டிலின் கால்மாட்டில், எந்த நிமிடமும் எழுந்துவிடுவதுபோல் விளிம்பில். அக்கா, வீட்டிலிருந்த ஒரே நல்ல நாற்காலியில். அத்தான், நின்றபடி. நான், தரையில் சுவரோடு சாய்ந்து, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்காமல்.

அத்தானுக்கு உட்கார்ந்துகொண்டு பேச வராது. பார்சல் கிடங்கில் எந்த வண்டி எந்தத் தெருவுக்கு, எந்த வரிசையில் போக வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை அவருக்கு. அந்த வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். பல் பிடுங்கப் போனால்கூட வழியில் மருந்துக்கடை, தையல்கடை, செருப்புத் தைக்கும் இடம் எல்லாவற்றையும் நடுவில் செருகி, ஒரு தெருவிலும் இரண்டாம் தடவை நுழையாமல் வீங்கிய கன்னத்தோடு திரும்பி வருவார். அதே கிடங்கில் இரவு ஷிஃப்டில் வண்டிகளுக்குப் பெட்டி ஏற்றுகிறவன் நான். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அப்பா சொல்லிக்காட்டுவார்.

பேச்சு அம்மாவின் பயணத்தைப் பற்றியது. பெருநகரத்தில் கோடை இசை விழா. ஆற்றங்கரைப் பூங்காவில் நான்கு மேடை போட்டு, சனியும் ஞாயிறும் பாடுவார்களாம், வாசிப்பார்களாம். ரயிலில் இரண்டு மணி நேரம். அம்மா தனக்கென்று எதையும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. இதையும் அவள் கேட்டாள் என்று சொல்ல முடியாது. பாத்திரம் கழுவும்போது, குழாய்ச் சத்தத்துக்கு நடுவே அக்காவிடம், “தொண்டை கட்டினவ அங்க பாட வர்றாளாம்” என்றாள். அவ்வளவுதான். அக்கா குழாயை மூடிவிட்டு, “இன்னொரு தடவை சொல்லு” என்றாள். அம்மா சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

தொண்டை கட்டினவள் என்பது அப்பா வைத்த பெயர். கரகரத்த குரலில், அவசரமே இல்லாமல் பாடுகிற ஒருத்தி. அவளுடைய ஒவ்வொரு பாட்டும் சோறு வேகிற நேரம் ஓடும். “பாடறதுக்கு முன்னாடி செருமிக்கிட்டு வரக்கூடாதா இவ?” என்பார் அப்பா. அம்மா பதில் சொல்லாமல் போனில் அவளைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வாள். காதில் மாட்டுகிற ஒயரில் வலது பக்கத்தை மட்டும் மாட்டுவாள். இடது பக்கம் மார்பில் தொங்கும். ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது அப்பாவுக்கு. வலது பக்கத்து ரப்பர் தேய்ந்து பிய்ந்துபோய்விட்டது. இடது பக்கம் கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நான்கு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, ஆனால் அது மட்டும் சீக்கிரம் திரும்பிவிட்டது. “மத்ததெல்லாம் அதைப் பாத்துக் கத்துக்கணும்” என்று அத்தான் ஒருமுறை சொல்லி, அப்பா சிரித்து, புரையேறி, அம்மாவிடம் இரண்டு பேரும் திட்டு வாங்கினார்கள். அவரைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். ராத்திரியிலும்தான். சிறுநீருக்குப் பாட்டில் வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். எல்லாம் அம்மா. ராத்திரியில் நான் கிடங்கில் இருப்பேன். பகலில் பக்கத்து அறையில் செத்தவன் மாதிரி தூங்குவேன்.

அத்தான் நகரத்தின் வரைபடத்தை அப்பாவின் கால்மேல் விரித்தார். வீட்டில் அதை விரிக்கிற அளவுக்கு வேறு இடமில்லை.

“மாமா, காலை அசைக்காதீங்க.”

“அசைக்க முடிஞ்சா நான் ஏன் இங்க கிடக்கறேன்? நீ சொல்லு.”

அத்தான் சிவப்புப் பேனாவால் காட்டினார். சனிக்கிழமை முதல் ரயிலில் ஏறுகிறார்கள், அம்மாவும் அக்காவும். பகலில் அப்பாவைப் புரட்ட நானும் அத்தானும். இறங்கியதும் இரும்புப் பாலம். அங்கிருந்து மலர்த் தோட்டம். சாப்பாடு. மீன் காட்சிசாலை. கண்ணாடி லிஃப்டில் மேலே போகிற கோபுரம்.

“அந்த லிஃப்டுக்கு உள்பக்கமா கதவு, வெளிப்பக்கமா கதவு?” என்றார் அப்பா.

“போயிட்டு வந்து சொல்லச் சொல்றேன் மாமா. அப்புறம் அப்படியே இறங்கி வந்தா விழாப் பூங்கா. நாலு மேடையும் ஒரே வட்டத்துல இருக்கு. சுத்தி வர அரை மணி போதும். ஆறு மணி ரயில். ஒன்பதுக்குள்ள வீடு. ஞாயித்துக்கிழமை மறுபடி முதல் ரயில், அருங்காட்சியகத்துல ஆரம்பிச்சு அந்தப் பக்கம்.”

“ரெண்டு நாளும் போயிட்டுப் போயிட்டு வரணுமா?” என்றாள் அக்கா.

“வண்டி எங்க சுத்தினாலும் சாயங்காலம் கிடங்குக்குத் திரும்பிடணும். அதான் எங்க தொழில்ல முதல் விதி.”

“அது பேச்சு” என்றார் அப்பா.

அக்கா கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, எங்கேயும் குறுக்கே வெட்டாமல் ஒரே வளையமாக வருகிறது என்று சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். நானும் பார்த்தேன். நல்ல திட்டம். கிடங்கில் அவர் போடுகிற எந்தத் திட்டத்தையும் போலக் கச்சிதமாக இருந்தது. அம்மா, “ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை” என்றாள். பிறகு டீ போட எழுந்து போனாள்.

தூக்கம் கலைந்துபோயிருந்ததால் நானும் அடுப்படிக்குப் போனேன். அம்மா பால் பொங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சும்மா பேச்சுக்குக் கேட்டேன். “அவ எந்த மேடைல பாடறா?”

“பெரிய மேடைலதான். சனிக்கிழமை.”

“எத்தனை மணிக்கு?”

அம்மா அடுப்பைத் தணித்தாள். “ராத்திரிதான். அவங்கல்லாம் கடைசியாதானே வருவாங்க. எட்டு, எட்டரை ஆகும்.”

“நீ ஏறப்போறது ஆறு மணி ரயில்.”

“ஆமா.”

“ஞாயித்துக்கிழமை?”

“அன்னிக்கு அவ இல்ல. ஊருக்குப் போயிடுவா.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. “அப்ப அவ பாட்டைக் கேக்கவே போறதில்லையா நீ?”

“மேடையைப் பாக்கலாம்டா. விளக்கெல்லாம் கட்டியிருப்பாங்க. பகல்ல மைக் சரி பண்ணுவாங்கல்ல, அப்ப ஒருவேளை வந்தாலும் வருவா.” டம்ளர்களை வரிசையாக வைத்தாள். “உங்க அத்தான்கிட்ட எதுவும் சொல்லித் தொலைக்காத. பாவம், லீவு நாள்ல உக்காந்து போட்டிருக்காரு.”

நான் முன்னறைக்குப் போய்ச் சொன்னேன்.

அத்தான் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். விழாப் பூங்காவைச் சுற்றி அவரே போட்ட சிவப்பு வட்டத்தைப் பேனா முனையால் தொட்டார்.

“பாட்டு விழாவுக்குன்னு திட்டம் போட்டு, பாட்டை விட்டுட்டேனா நான்?”

“மீன் காட்டறீங்க, பாலம் காட்டறீங்க, பாட்டைத் தவிர எல்லாம் இருக்கு” என்றாள் அக்கா. ஆனால் அவள் குரலில் கிண்டல் பாதியில் நின்றுவிட்டது. அவளும்தான் விரலை ஓட்டிப் பார்த்திருந்தாள். அந்த வீட்டில் ஒரு ராத்திரி அம்மா வெளியே தங்கக்கூடும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தானின் விதி கிடங்கிலிருந்து வந்தது. எங்களுக்கு அந்த விதி முன்பே பழகியிருந்தது. அதனால்தான் அது எங்கள் கண்ணை உறுத்தவில்லை. பாட்டு ராத்திரிதான் என்று தெரிந்த ஒரே ஆள் அம்மா. அவள் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

அம்மா தட்டோடு வந்து என் முகத்தைப் பார்த்தாள். “சொல்லிட்டான்” என்றாள், யாருக்கும் இல்லாமல்.

“அத்தை, சனிக்கிழமை ராத்திரி நீங்க அங்க தங்கணும்” என்றார் அத்தான். “வேற வழியே இல்ல.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா ஜன்னலைப் பார்த்தார். எதிர்க் கட்டடத்தின் சுவரைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

“என்னை யாரு புரட்டுவா?” என்றார்.

“நான்” என்றேன்.

“உனக்கு ஷிஃப்ட்.”

“லீவு கேக்கறேன்.”

“குடுக்கமாட்டாங்க” என்றார் அத்தான். “கோடை, மூச்சு விட நேரமில்ல. ஆனா பதிலாள் குடுத்தா விடுவாங்க.” கொஞ்சம் யோசித்தார். “நானே வரேன் பதிலாளா.”

அக்கா சிரித்தேவிட்டாள். “நீங்களா? தண்ணிக் கேனைத் தூக்கினா மறுநாள் தைலம் தேய்க்கணும் உங்களுக்கு.”

“எந்தப் பெட்டி எங்கன்னு எழுதித்தான் குடுக்கறேன். ஏத்திப் பாத்ததில்ல. ஒரு ராத்திரி ஏத்திப் பாக்கறேனே.”

“மச்சான் மச்சான்னு தோள்ல கை போடறப்பவே நினைச்சேன், ஒருநாள் என் பொழைப்புல கை வெப்பீங்கன்னு” என்றேன். அவர் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

“வேண்டாம்” என்றார்.

“ஏங்க?” என்றாள் அம்மா.

“என் பிள்ளை என்னைத் துடைக்க வேண்டாம். ஆள் வைங்க.”

“ஆள் வெச்சோமே. வந்த அன்னிக்கே துரத்திட்டீங்களே.”

“அவன் வாய்க்குள்ள ஏதோ முனகிட்டே துடைச்சான். நான் என்ன டிபன் கேரியரா?”

“சரி விடுங்க” என்றாள் அம்மா. “நான் தங்கல. பகல்லயே போயிட்டு வந்துடறோம். அதுவே நல்லாத்தான் இருக்கு.” கடையில் தக்காளி இல்லை என்றால் வெங்காயத்தை வாங்கிக்கொண்டு வருகிறவள் மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதைவிட, சொன்ன வேகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நெடுநாள் பழக்கம் இல்லாமல் அந்த வேகம் வராது.

அக்கா எழுந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். ஒருத்தருக்குச் சரியாகத் தெரிகிற வரை ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுகிற பொறுமை அவளுக்கு உண்டு. அன்றைக்கு அது தீர்ந்திருந்தது. “வர்ற ஞாயித்துக்கிழமை இவனுக்கு ஷிஃப்ட் இல்ல. மத்தியானத்துல இருந்து இருட்டற வரைக்கும் அம்மா எங்க வீட்ல. அப்பாவும் இவனும் இங்க. ஒத்துவந்தா அம்மா போறா. வரலன்னா இந்தப் பேச்சையே விட்டுடலாம். அப்பா, சம்மதமா?”

“அவன் தாங்கமாட்டான்” என்றார் அப்பா. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை பகலில் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அப்பாவின் இடுப்புக்குக் கீழே குறுக்காக ஒரு போர்வையை மடித்துப் போட்டிருப்பாள். முதலில் முழங்காலை மடக்க வேண்டும். பிறகு தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, இரண்டையும் சேர்த்து உருட்ட வேண்டும். தோள் முந்தினால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும். செத்த கையை எந்தக் காரணத்துக்காகவும் பிடித்து இழுக்கக்கூடாது, மூட்டு நழுவிவிடும். உருட்டிய பிறகு முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. குதிகால் மெத்தையில் அழுந்தக்கூடாது. நான் ஏதோ கேட்டதற்கு, “இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரலடா, அவர் கத்தறதை வெச்சுக் கத்துக்கிட்டேன்” என்றாள்.

ஞாயிறு மத்தியானம் அம்மாவை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அப்பாவைப் பக்கம் மாற்ற வேண்டிய நேரம் வந்தது. கிடங்கில் ஆள் உயரப் பெட்டிகளைத் தனியாகத் திருப்புகிறவன் நான், ஒரு மனிதனை உருட்டுவதா பெரிய வேலை என்ற திமிர் இருந்தது. முழங்காலை மடக்கினேன். தோளைப் பிடித்தேன். பாதி உருளும்போது அவர் சரிய, அனிச்சையாகக் கையைப் பிடித்துவிட்டேன். செத்த கையை.

அப்பா போட்ட சத்தத்துக்குக் கதவு உடனே திறந்தது. அம்மா. அக்கா வீட்டுக்கு அவள் போகவே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள், சேலையின் பின்பக்கம் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

“கையைப் பிடிக்காதன்னு சொன்னேனா இல்லையா? நகரு, நகரு.”

நான் நகரவில்லை. “வெளிய போம்மா.”

“வலிக்குதாங்க? தோளா, முழங்கையா?”

“வெளிய போன்னு சொல்றேன்ல.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்தார். அவர் ‘இரு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் கீழேயிருந்து அக்கா மூச்சிரைக்க ஏறி வந்து, “பால் வாங்கிட்டு வரேன்னு போன்ல சொல்லிட்டு நீ இங்கயா உக்காந்திருக்க?” என்று அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மறுபடி முழங்காலை மடக்கினேன். தோளும் இடுப்பும் சேர்ந்து வந்தன. தலையணை வைத்தேன்.

“கண்ணாடி, உடையும்னு நெத்தில எழுதி ஒட்டிக்கணும் போல” என்றார் அப்பா.

“எழுதினாலும் எங்க ஆளுங்க படிக்கமாட்டாங்க.”

தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றார். டீ வேண்டாம். சாப்பாட்டில் குழம்பை ஒதுக்கிவிட்டு வெறும் சோறாக விழுங்கினார், அதுவும் கொஞ்சம். ஏன் என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டேன். விழித்தபோது அறையில் வாடை. அப்பா எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி, கீழே போர்வை, எல்லாம் நனைந்திருந்தது. ஊற்றி வைத்த தண்ணீர் குடிக்கப்படாமல் இருந்தது. என்னிடம் பாட்டில் கேட்கக்கூடாது என்பதற்காக மத்தியானம் முழுவதும் மனிதர் தொண்டையை நனைக்கவில்லை.

“கூப்பிட வேண்டியதுதானே?”

வெந்நீர் எடுத்து வந்தேன். வேட்டியை உருவினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் துடைத்தேன். யாராயிருந்தாலும் உடம்பு உடம்புதான், அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். ஆனால் அவர் தொடை இவ்வளவு சிறுத்திருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அதே வீட்டில் இருந்துகொண்டு அது எனக்குத் தெரியாமல் இருந்தது.

“உனக்கு நான் ஒரு நாள்கூட கழுவிவிட்டதில்ல” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். “எல்லாம் உங்கம்மாதான். நான் வேலைக்குப் போயிடுவேன். வந்தாலும் தூக்கமாட்டேன், கையெல்லாம் கிரீஸ்னு சொல்லிடுவேன்.”

“சரி.”

“அதான். உன்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது?”

பரவாயில்லை என்று சொன்னால் பொய் மாதிரி இருக்கும். “கிடங்குல பெட்டி ஏத்தறப்போ அனுப்பினவன் நமக்கு என்ன செஞ்சான்னு கேட்டா ஏத்தறோம்? வேலைன்னா வேலை. இடது காலைக் கொஞ்சம் மடக்குங்க.”

மடக்கினார். புது வேட்டியைச் சுற்றினேன். போர்வையை உருட்டி எடுத்து வாளியில் போட்டேன். கை கழுவிவிட்டு வந்தபோது, “தண்ணி குடு” என்றார். முழு டம்ளரையும் குடித்தார். இன்னொன்று கேட்டார். அப்புறம் இருட்டுவதற்குள் இரண்டு முறை பாட்டில் கேட்டார். இரண்டாம் முறை வேண்டுமென்றே கேட்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒன்றும் வரவில்லை.

அம்மா உள்ளே வந்ததும் அப்பாவைத்தான் பார்த்தாள், பிறகு வாளியை. “எப்படி?” என்றாள்.

“முரடன்” என்றார் அப்பா. “ஆனா இவன் புரட்டினா ஒரே தடவைல புரண்டுடறேன். நீ இழுத்து இழுத்துப் பாப்ப.”

அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு, கட்டிலருகே போய்ப் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அது சரியாகவே இருந்தது. தலையணையை எடுத்துத் தட்டி அதே இடத்தில் வைத்தாள். கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தோம், அதோடு அவளிடமிருந்து எதையோ எடுத்தும் விட்டோம் போலிருந்தது. ஆனால் அதற்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அத்தான் திட்டத்தை மாற்றினார். பாலம் போயிற்று, மீன் போயிற்று, கோபுரமும் போயிற்று. சனிக்கிழமை காலை ரயில். பூங்காவுக்கு எதிர்த்தெருவில் ஒரு விடுதி அறை. மத்தியானம் இரண்டு பேரும் தூங்க வேண்டும், அதையும் சேர்த்திருந்தார். சாயங்காலம் பெரிய மேடைக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். முடிகிற வரை எழுந்திருக்கக்கூடாது. காலையில் திரும்பி வர வேண்டும்.

“ஒரே ஒரு டெலிவரிக்கு வண்டி அனுப்பறேன்” என்றார். “என் வாழ்க்கைல இப்படிக் காலியா ஒரு வண்டியை விட்டதில்ல.”

“லிஃப்ட் கதவு?” என்றார் அப்பா.

“அடுத்த தடவை மாமா.”

‘அடுத்த தடவை’ என்று அவர் சொன்னதை அம்மா கவனித்தாள்.

விழாச் சனிக்கிழமை காலையில் நான் வேலை முடிந்து நேரே வந்தேன். அத்தான் அன்று ராத்திரிக்காக இடுப்பில் கட்டுகிற பட்டி ஒன்றை என்னிடம் கடன் வாங்கிக்கொண்டு, கீழே ஆட்டோவை நிறுத்திவைத்திருந்தார். அக்கா படியில் நின்றிருந்தாள். அம்மா நல்ல சேலை கட்டி, பையோடு வாசல் வரை வந்தாள். வந்துவிட்டுத் திரும்பினாள். மாத்திரையில் வெள்ளை எது, மஞ்சள் எது என்று சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். போனாள். மறுபடி வந்தாள். அடுப்புச் சிலிண்டரை மூடியதாக நினைவில்லை என்றாள். மூடியிருந்தது.

“அம்மா, ரயில் நம்ம மாமா பையன் ஓட்டறதில்ல, நிறுத்திவெக்க” என்றாள் அக்கா.

“வரேன் வரேன்.” அப்பாவின் அருகில் போய் நெற்றியில் கை வைத்தாள். அங்கேயே வைத்திருந்தாள். “என்னங்க, லேசா சுடுதே.”

“ஒண்ணுமில்ல.”

“சுடுதுங்க. நேத்து ராத்திரியே இருமினீங்க.” பையைக் கீழே வைத்துவிட்டாள். “டேய், நீ தொட்டுப் பாரு.”

தொட்டுப் பார்த்தேன். ஜன்னல் வெயில் அந்தப் பக்கமாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. “வெயில்ம்மா. காய்ச்சல் இல்ல.”

“உனக்கு என்ன தெரியும்?” அவள் குரல் உயர்ந்தது. “ராத்திரி காய்ச்சல் ஏறினா என்ன பண்ணுவ? நெஞ்சுல சளி கட்டினா? அன்னிக்கு மாதிரி கையைப் பிடிச்சு இழுப்பியா?” அக்காவிடம் திரும்பினாள். “நீயும் உங்க வீட்டுக்காரரும் போயிட்டு வாங்க. ரூம் வீணாகக் கூடாது. நான் இன்னொரு வருஷம் பாத்துக்கறேன்.”

காய்ச்சல் இல்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அம்மா பொய் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே சுட்டது. நான்கு வருடமாக அந்த நெற்றியைத் தவிர வேறு எதையும் நம்பாத கை.

அப்பா இருமினார். சின்ன இருமல்தான். அம்மா உடனே அவர் மார்பைத் தடவினாள். அவர் அவளுடைய கையை இடது கையால் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். விடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு அந்தக் கையைத் தன்மேலிருந்து எடுத்து, அவள் பக்கமாகவே தள்ளிவிட்டார்.

“நீ இருந்தா காய்ச்சல் இறங்கிடுமா? நெத்தியைத் தொட்டுக்கிட்டே உக்காந்திருப்ப. அதுக்கு இவன் போதும். போ.”

“இல்லைங்க…”

“போன்னா போ. எழுந்து வந்து தள்ளிவிட முடியாதுன்னுதானே நிக்கற?”

அக்கா பையை எடுத்துக்கொண்டாள். அம்மாவின் முழங்கையைப் பிடித்து நடத்தினாள். அம்மா வாசலைத் தாண்டினாள். முதல் படியில் காலை வைத்தாள். நின்றாள். அவள் தோள் இந்தப் பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது.

“டேய்” என்றார் அப்பா, தாழ்ந்த குரலில். “கதவைச் சாத்து.”

“அம்மா இன்னும் படி இறங்கலப்பா.”

“அதான் சாத்துங்கறேன். சாத்திப் பூட்டு. இப்ப அவ திரும்பி வந்தா, அப்புறம் போக விடமாட்டேன் நான்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு பக்க முகம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

கதவைச் சாத்தினேன். வெளியே அம்மா என் பெயரைச் சொன்னாள். சாவியை ஒரு சுற்றுச் சுற்றினேன், பிறகு இன்னொரு சுற்று.